ஒத்தைவிரல் போட்ட வழி

இரவு ஒரு மணி தாண்டியிருந்தது. புறவழிச் சாலை. ஒரு பக்கம் கிடங்குகளின் பின்சுவர்கள். மறுபக்கம் ஒன்றுமே இல்லை... வெட்டவெளி. விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன, அவற்றில் பாதிகூட எரியவில்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு சின்னக் கார். அதற்குள் ஒரு பெண் தன்னந்தனியாக, சத்தமாக, யாரையோ திட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம். கதை முடிந்ததும் யாராவது எழுந்து போய்த் திறக்க வேண்டியிருக்கும், உங்களில் ஒருத்தரும் எழ மாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

இது என் நண்பனின் சொந்த அத்தைக்கு நடந்தது. அலுவலகத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் சின்னவள், சூடு பட்டால் வெடிப்பாள், அதனால் அந்தப் பெயர். பயப்படுகிற பிறவி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய்க் கதை சொல்கிறவர்கள் எல்லாம் ஒரு பயந்தாங்கொள்ளியைப் பிடித்து வந்து நடுங்க வைப்பார்கள். அதில் என்ன கெட்டிக்காரத்தனம்? கடுகு அன்றிரவு கொதித்துப் போய்த்தான் கிளம்பினாள். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும், "எவன்டா அவன்? இன்னிக்கு மாட்டட்டும்..." என்று பல்லைக் கடித்தாள்.

அவள் வேலை பார்த்த நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகம் ஊருக்குள், குளிர்கிடங்கு ஊருக்கு வெளியே. காய்கறிப் பெட்டிகள், உறைந்த மீன் பெட்டிகள், கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். அவற்றைக் குளிர வைப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கிறவரை நல்ல பிள்ளை. வெளியே வந்துவிட்டால் கண்ணைத் திறக்க விடாது, மூச்சை இழுக்க விடாது. போனை எடுத்து யாரையாவது கூப்பிட நெஞ்சில் காற்று இருக்காது. அதற்காகத்தான் மணி வைத்திருந்தார்கள். இயந்திர அறையில் வாயு கசிந்தால் சுவரில் இருக்கும் கருவி தானே கண்டுபிடிக்கும். ஆளும் பட்டனை அழுத்தலாம். உடனே தலைமை அலுவலகத்தில் மணி அடிக்கும், அங்கே இருக்கிற மீட்புக் குழு முகமூடிகளை அள்ளிக்கொண்டு வண்டியில் பாயும். கிடங்கில் இரவு வேலைக்கு ஒரே ஓர் ஆள். அவன் உயிர் அந்த மணியை நம்பித்தான் இருந்தது.

மணிச் செய்தி கிடங்கிலிருந்து அலுவலகத்துக்குப் போகிற வழியை எழுதி வைத்திருந்தவள் கடுகு. அதுதான் அவள் தொழில்.

ரவுட்டர் என்று ஒரு பெட்டி. நாற்சந்தியில் நின்று வழி சொல்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஸ்டாட்டிக் ரூட் என்று ஒன்று எழுதலாம், மனிதர் கையால் போடுகிற வழி. 'இந்த முகவரிக்கு எது வந்தாலும் இன்ன எண்காரன் கையில் கொடு.' அவ்வளவுதான். வேறு வகை வழிகள் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும், யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொண்டு மாறிக்கொள்ளும். இது விசாரிக்காது. கொடுக்கச் சொன்ன கை செத்துப் போயிருந்தாலும் அந்தக் கையிலேயே கொடுத்துக்கொண்டிருக்கும்.

முன்பு அந்த இரவு வேலையில் இருந்தவர் ஒரு கம்ப்ரசர் மெக்கானிக். ஒத்தைவிரல் என்று கூப்பிடுவார்கள். பத்து விரலும் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் லைன் பழுதாகி, கடுகு போனில் சொல்லச் சொல்ல அவர் ரவுட்டரில் வழியைத் தட்டச்சு செய்ய வேண்டி வந்தால், வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்யும்.

"தங்கச்சி, இந்தப் புள்ளி எங்க இருக்கு?"

"கமாவுக்குப் பக்கத்துலண்ணே."

"கமா எங்க இருக்கு?"

புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் முதலில் கமாவை அடிப்பார். பிறகு அழிப்பார். பிறகு புள்ளி. ஒரு வரி முடிவதற்குள் கடுகுக்கு உயிர் போய்விடும். "அண்ணே, நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள அடிச்சு முடிப்பீங்களா?" என்பாள். அவர் சிரிப்பார். முடித்த பிறகு மட்டும் விடமாட்டார். பட்டனை அழுத்திவிட்டு, "அடிச்சுதா?" என்று கேட்பார். ஒவ்வொரு இரவும் வேலைக்கு வந்ததும் அதே கேள்விதான். "அடிச்சுது, போய் வேலையப் பாருங்க" என்று அவள் சொன்னால்தான் அவருக்கு நிம்மதி.

அப்படி இருந்த மனிதரின் விஷயத்தில்தான் மேலாளர் புகுந்தார். அந்த மேலாளர் அலுவலக மாடியிலேயே குடி வந்தவர். மணி இருந்தது சரியாக அவர் படுக்கையறைக்குக் கீழே. "ராத்திரியானா டிங்கு டிங்குனு என்ன விளையாட்டு? மனுஷன் தூங்க வேண்டாமா?" என்று ஒரு நாள் குதித்தார். இனி சோதனைக்குப் பட்டனை அழுத்தவே கூடாது, அழுத்தினால் வேலை போய்விடும் என்று உத்தரவு போட்டார்.

மழைக்காலத்தில் ஒரு ராத்திரி வாயு கசிந்தது. மணி அடிக்கவில்லை. காலையில் கதவை உடைத்துப் போனபோது ஒத்தைவிரல் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். ஆள்காட்டி விரல் பட்டன் மேலேயே இருந்தது. நகம் பிளந்திருந்தது.

மேலாளர் என்ன எழுதினார் தெரியுமா? பணி நேரத்தில் தூங்கிவிட்டாராம். கடுகு கூட்டத்தின் நடுவே எழுந்து, "தூங்கறவன் நகம் எப்படி சார் பிளக்கும்?" என்று கத்தினாள். "அப்படின்னா உன் லைன்தான் கோளாறு. போய்ப் பாரு" என்றார் அவர். அவள் போய்ப் பார்த்தாள். இரண்டு பக்க ரவுட்டரிலும் எல்லா வழியும் ஒழுங்காக இருந்தது. ஒரு குறை கிடையாது. அதுதான் அவளை அரித்தது. எல்லாம் சரியாக இருந்தால் அந்த மனுஷன் ஏன் செத்தார்?

பிறகு பழைய இயந்திர அறையின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார்கள். ஒட்டினாற்போல் புது அறை. பழைய அறைக்குள் இருந்த ரவுட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதன் முகவரி பதினேழில் முடியும், அதனால் அதைப் பதினேழு என்றே சொல்வார்கள். தலைமை அலுவலகத்து வாசல் ரவுட்டரின் பாஸ்வேர்டை மேலாளர் தன்னிடமே வைத்துக்கொண்டார். இரவு வேலைக்குப் புது ஆள் எடுத்தார்கள். வந்தவன் கடுகின் தம்பி.

அவள் குறுக்கே விழுந்து தடுத்துப் பார்த்தாள். "அதான் மணி இருக்கேக்கா, நீதான் வழி போட்டிருக்க, அப்புறம் என்ன?" என்றான் அவன். 

அவன் சேர்ந்த வாரமே தொடங்கியது. கிடங்கில் வைத்த புது ரவுட்டரில் மணிக்கு அவள் போட்ட வழியைக் காணோம். அந்த இடத்தில் வேறு வழி. 'பதினேழின் கையில் கொடு.' இல்லாத பெட்டி! இரும்புக் கடையில் நசுங்கிய பெட்டி! அவள் வீட்டிலிருந்தே அழித்துவிட்டுச் சரியான வழியைப் போட்டுச் சேமித்தாள். மறுநாள் ராத்திரி... திரும்பவும் பதினேழு. சேமிக்க மறந்துவிட்டோமோ, கரண்டு போய்ப் பழையது வந்துவிட்டதோ என்று தன்னையே சந்தேகப்பட்டுப் பார்த்தாள். கரண்டு போகவில்லை. மூன்றாவது முறை பதிவைத் தோண்டியபோது, மாற்றம் தூரத்திலிருந்து வரவில்லை என்று தெரிந்தது. கன்சோல் வழியாக. அதாவது, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேபிள் சொருகி ஒருவன் அடித்திருக்கிறான்.

எவனோ தம்பியின் உயிரோடு விளையாடுகிறான். அவ்வளவுதான், எழுந்து காரை எடுத்துவிட்டாள்.

கிடங்கு வாசலைத் தம்பிதான் திறந்தான்.

"யாருடா உள்ள வந்தது?"

"யாரும் வரலக்கா."

"சாவி?"

"என் இடுப்புலதான் இருக்கு."

"அப்ப பேய் வந்து டைப் அடிச்சுதா?"

தம்பி சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "பழைய ரூம் பக்கம் ராத்திரில ஏதோ சத்தம் வருதுக்கா. எலியா இருக்கும்" என்றான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனை அவன் அறைக்கு அனுப்பிவிட்டு நடந்தாள்.

ரவுட்டர் இருந்தது நடைபாதைக் கோடியில், ஒரு ஆள் உட்கார இடமிருக்கும் பொந்தில். பின்சுவர் அடைத்த அறையின் சுவர். புழுதியும் சூடான ரப்பரும் கலந்த வாசம். அதற்கடியில் மூக்கைச் சுரண்டுகிற இன்னொன்று... கழுவாத சிறுநீர்க் கழிப்பிடம் மாதிரி, மெல்ல. பெட்டியின் விசிறி ர்ர்ர் என்று ஓடியது. தூரத்தில் கம்ப்ரசர் தட்... தட்... தட்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்து, கன்சோல் கேபிளைத் தன் கையால் சொருகினாள். அந்தப் பெட்டிக்கு இருப்பது ஒரே ஒரு கன்சோல் துளை. அதில் இப்போது அவள் கேபிள். இனி எவன் வந்து அடிப்பான், பார்க்கலாம்.

வழிகளைக் காட்டச் சொன்னாள். பதினேழு இருந்தது. அழித்தாள். தன் வழியைப் போட்டாள். சேமித்தாள். திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு ஓர் எழுத்து வந்தது.

அவள் விரல் விசையில் இல்லை. இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. இன்னோர் எழுத்து. இடைவெளி. இன்னொன்று. யாரோ யோசித்து யோசித்து அடிப்பது போல...

யாரோ லேப்டாப்புக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்தாள். இணையத்தைத் துண்டித்தாள். எழுத்து நிற்கவில்லை. கோபம் தலைக்கேற, நடுவில் புகுந்து 'யாருடா நீ' என்று அடித்து என்டரைத் தட்டினாள். அப்படியொரு கட்டளை தனக்குத் தெரியாது என்று ரவுட்டர் பதில் சொன்னது. அதன் புத்தி அவ்வளவுதான்.

சிறிது நிதானம். பிறகு வரி முதலிலிருந்து தொடங்கியது. எண்கள் வந்தன. எண்ணுக்குப் பின் புள்ளி வர வேண்டிய இடத்தில் கமா வந்தது. அழிந்தது. புள்ளி வந்தது. அடுத்த எண். கமா. அழிந்தது. புள்ளி...

கடுகு திரையின் மேல் குனிந்தாள். உலகத்தில் அப்படி அடிக்கிறவர் ஒருவர்தான். அந்த வரியைக் காதில் போனை வைத்துக்கொண்டு எத்தனை இரவு பொறுமையில்லாமல் கேட்டிருக்கிறாள்.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். நான் ஓடியிருப்பேன். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கியது. பின்சுவரைப் பார்த்தே கத்தினாள். "ஏண்ணே இப்படிப் பண்றீங்க? செத்தும் என் உயிர வாங்கணுமா? உள்ள இருக்கறது என் தம்பிண்ணே! மணி வராம அவனும் போகணுமா?"

வரி முடிந்தது. பதினேழு. என்டர். அதன்பின் திரையில் ஒன்றும் வரவில்லை. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் ஏதோ கேட்டுவிட்டு வாயைப் பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அவர் வழி போட்டு முடித்தால் அடுத்து என்ன கேட்பார்?

அவள் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். "பட்டன அழுத்து."

"வேல போயிடும்க்கா!"

"போனா போகுது. அழுத்துடா!"

அவளுடைய இன்னொரு போனில், தலைமை அலுவலகத்தில் மணியைப் பார்த்துக்கொள்கிற காவலாளி பதறிக்கொண்டு வந்தார். "மேடம், மணி அடிக்குது மேடம்! குழுவ அனுப்பவா?"

"வேணாம், சோதனைதான். லைன்லயே இருங்க."

இல்லாத பெட்டி வழியாக மணி அடித்திருக்கிறது. அவளுக்குப் புரியவில்லை. பதினேழை அழித்தாள். தன் வழியைப் போட்டாள். சட்டப்படி, முறைப்படி, அவளே கோடு கிழித்துத் திட்டம் போட்ட வழி. "இப்ப அழுத்து."

"அழுத்திட்டேன்."

"அடிச்சுதா?"

"இல்ல மேடம்."

"திரும்ப அழுத்து."

"இல்ல மேடம். ஒண்ணும் இல்ல."

செய்தி எதுவரை போகிறது என்று தடம் பிடித்தாள். கிடங்கைத் தாண்டியது. சாலையைத் தாண்டியது. தலைமை அலுவலகத்து வாசல் ரவுட்டர் வரை ஒழுங்காகப் போனது. அங்கிருந்து பதில் வந்தது: அப்படியோர் இடத்துக்கு வழி கிடையாது. ஒரு ரவுட்டர் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிற மணியைப் பார்த்து அப்படிச் சொல்லாது. யாராவது சொல்லி வைத்தால்தான் சொல்லும். அந்தத் தொழிலில் அதைப் பாழ்ங்கிணறு என்பார்கள். அதுவும் கையால் போடுகிற வழிதான். 'இந்த இடத்துக்கு வருவதை எல்லாம் கிணற்றில் போடு.'

அந்த ரவுட்டரின் பாஸ்வேர்டு ஒரே ஒருவரிடம் இருந்தது.

கடுகு அவரைக் கூப்பிட்டாள். ஐந்தாறு முறை அடித்த பிறகு செல்போனை எடுத்தார்.

"சார், மணி வர்ற வழிய அடைச்சிருக்கீங்களா?"

கொட்டாவி விட்டார். "அதுக்கா இந்நேரத்துக்கு? அடைச்சும் இப்ப ஒரு தடவ அடிச்சு எழுப்பிடுச்சு. அந்த சென்சார் சும்மா சும்மா அடிக்குது. ராத்திரி மட்டும் அடைச்சு வெப்பேன், காலைல எடுத்துடுவேன். இதுல என்ன வந்துச்சு இப்ப?"

"உள்ள ஆள் இருக்கான் சார்."

"ஒண்ணும் ஆகாது."

"அன்னிக்கும் அடைச்சிருந்தீங்களா?"

போர்வையை இழுத்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. காலையில் எடுத்துவிடுவேன் என்றாரே... அதனால்தான் மறுநாள் அவள் போய்ப் பார்த்தபோது எல்லா வழியும் ஒழுங்காக இருந்திருக்கிறது. பிணத்தைத் தூக்குவதற்கு முன் கிணற்றை மூடியிருக்கிறார். தன் தூக்கத்துக்காக ஒரு மனுஷனை விரல் நகம் பிளக்கப் பிளக்க அழுத்த விட்டுவிட்டு, அவன் தூங்கினான் என்று எழுதியிருக்கிறார்.

கடுகு திட்டினாள் பாருங்கள். இங்கே சின்னப் பிள்ளைகள் இருப்பதால் நான் அதைச் சொல்லப் போவதில்லை. முடிந்தவரை கேட்டுவிட்டு மேலாளர், "உன் வேல போச்சு. முதல்ல அந்த ரவுட்டர்லருந்து வெளிய வா" என்று துண்டித்தார். திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்ப. திரும்ப. ஒரு கட்டத்தில் மணி போவதே நின்றுவிட்டது. செல்போனைச் சுவரில் எறிந்திருக்கிறார், பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு வழி ஒன்றுதான் பாக்கி. தன் வழியை அழித்துவிட்டு, தானே பதினேழைப் போட்டாள். அவள் போட்ட மறுகணம் அது அழிந்தது. மேலாளர் மாடியில் உட்கார்ந்தபடியே கிடங்கு ரவுட்டருக்குள் நுழைந்துவிட்டார். திரும்பப் போட்டாள். அழித்தார். போட்டாள். அழித்தார். இரண்டு பேர் ஒரே கதவை ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போல் கொஞ்ச நேரம். பிறகு திரை பாஸ்வேர்டு கேட்டது. அவளுடையதைக் கொடுத்தாள். செல்லாது. மாற்றிவிட்டிருந்தார்.

அப்போதுதான் மூக்கில் அடித்தது.

மெல்ல இருந்த வாசம் மெல்ல இல்லை. கண் எரிந்தது, தொண்டையில் யாரோ கம்பியை விட்ட மாதிரி... புது அறைப் பக்கம் ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். தம்பி போனில் இருமினான்.

"அக்கா... வால்வு பக்கம்... வருது..."

"வெளிய வாடா!"

"கதவு பக்கமே வருதுக்கா... கண்ணு..."

போனை அவன் கீழே போட்ட சத்தம் கேட்டது. காவலாளியைக் கூப்பிட்டுக் குழுவை அனுப்பச் சொன்னாள். அனுப்பினார்தான். ஆனால் அந்தச் சாலையை அவள் இப்போதுதான் கடந்து வந்தாள். அவர்கள் வந்து சேர்வதற்குள் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு நடைபாதையில் ஓடினாள். பாதி தூரம்கூடப் போக முடியவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. தவழ்ந்து பொந்துக்கே திரும்பினாள். ஆத்திரத்தில் கேபிளைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள்.

"பாத்துக்கிட்டு இருக்கீங்களாண்ணே? பாத்துக்கிட்டே இருங்க! நல்லா பாருங்க!"

லேப்டாப் தரையில் கிடந்தது. கேபிளின் நுனி அவள் கையில் தொங்கியது. எதிலும் சொருகியிருக்கவில்லை.

திரையில் பாஸ்வேர்டு கேட்ட இடம் தானே நகர்ந்தது. உள்ளே விட்டது.

எழுத்துகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாக. மெதுவாக. இந்த முறை மணியின் முகவரி இல்லை, வெறும் பூஜ்யங்கள். சுழி. கமா... அழிந்தது. புள்ளி. சுழி. புள்ளி. சுழி. நான்கு சுழி, மறுபடி நான்கு சுழி. அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். இங்கிருந்து வெளியே போகிற எல்லாமும். எதுவாக இருந்தாலும். அதன்பின் யார் கையில் கொடுக்க வேண்டும் என்கிற எண் வந்தது. அது பதினேழு இல்லை. எரிகிற கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மேலாளர் படுக்கையறையில் இருக்கிற அலுவலகத்துப் போனின் முகவரி.

என்டர்.

ஸ்ஸ்ஸ் சத்தம் நின்றது. குறையவில்லை, தேயவில்லை... ஒரு மூடியைப் போட்ட மாதிரி நின்றது. வாசமும் நின்றது. அவள் பயந்து பயந்து ஒரு மூச்சு இழுத்தாள். வெறும் புழுதி. சூடான ரப்பர்.

நடைபாதையில் தம்பி சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. "அக்கா, வாசம் போயிடுச்சு. நான் வால்வத் தொடவே இல்ல. இன்னும் தெறந்துதான் கெடக்கு. மீட்டர் முள்ளு இறங்கிக்கிட்டே இருக்கு. உள்ள இருந்து போகுது, ஆனா எங்க போகுதுனு தெரியல..." அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகை இருக்கிறதே. பிறகு அவனைக் காற்றுப்பட வெளிப்பக்கம், அடைத்த அறையின் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, மீட்புக் குழுவின் வண்டியை எதிர்பார்த்து வாசலுக்கு ஓடினாள்.

வண்டி வந்து, வால்வை மூடி, எல்லாம் அடங்கிய பிறகுதான் அவளுக்கு மேலாளர் நினைப்பு வந்தது. காவலாளியிடம், "மேல போய் ஒரு தடவ பாத்துட்டு வாங்க" என்றாள். அவர் போனார். படுக்கையறைக் கதவின் கைப்பிடியைத் தொட்டதும் உள்ளங்கை அதிலேயே ஒட்டிக்கொண்டதாம், அத்தனை குளிர். தோலைப் பிய்த்துக்கொண்டுதான் கையை எடுத்தார். ஆள் சேர்த்துக் கதவை உடைத்தபோது உள்ளே இருந்து வந்த வாசத்தில் முன்னால் நின்றவர்கள் படியில் உருண்டார்கள். ஜன்னல் கண்ணாடியில் உட்பக்கம் பனி படிந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் அம்மோனியாக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. மேலாளர் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தார். அலுவலகத்துப் போனின் ரிசீவர் அவர் கையில் இருந்தது.

பாவம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். எனக்கு வாய் வரவில்லை. கடுகுக்கும் வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குக் கோபம்தான் வருகிறது, கொஞ்சமும் ஆறவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். கையில் போன் இருந்ததே, நேர் கீழே காவலாளி இருந்தாரே, ஏன் கூப்பிடவில்லை? காவலாளி சத்தியம் செய்தார். தன் மேசைப் போன் அன்றிரவு அடிக்கவே இல்லை. அந்த அலுவலகத்துப் போன்களும் ரவுட்டர் வழியாகப் பேசுகிறவைதான், அதனால் பதிவைப் பார்க்கக் கடுகையே கூப்பிட்டார்கள். அவள் பார்த்தாள். மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். காவலாளியின் எண்ணைத்தான் அழுத்தியிருக்கிறார். ஆனால் அழைப்பு கீழே இறங்கவில்லை. சாலையைத் தாண்டி, கிடங்குக்குள் போய், அடைத்த அறையில் இருந்த பதினேழுக்குப் போயிருக்கிறது. அங்கே அதை எடுத்திருக்கிறார்கள். எட்டு நிமிடம் பேச்சு ஓடியிருக்கிறது.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றுவிட்டது.

"நான் அந்த அடைச்ச ரூம் சுவத்துல சாஞ்சுதான்க்கா உக்காந்திருந்தேன்" என்றான். "கண்ணு எரிச்சல்ல ஏதோ பிரமைனு நெனச்சு உங்கிட்ட சொல்லல. உள்ள யாரோ போன்ல இருந்தாங்க. அந்தப் பக்கத்துலருந்து ஒருத்தர் கத்தறது பொடிசா கேட்டுச்சு. கதறினாரு. மூச்சு வாங்கிச்சு. கும்பிடறேன்னாரு."

"இந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் பேசவே இல்லக்கா. கதை கேக்கற மாதிரி, 'ம்...' 'ம்...'னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பக்கம் சத்தம் நின்னுச்சு. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் 'ம்...' கொட்டிட்டுத்தான் வெச்சாங்க."